கூடை தூக்க மாட்டோம்

வெயில் நன்றாக ஏறிய பிறகும் மீன் மணலிலேயே கிடந்தது.

எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் அப்படி ஒரு காலையை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. படகுகள் கரை ஏறிவிட்டன. வலையை உதறி, சங்கராவைத் தனியாக, காரப்பொடியைத் தனியாகக் குவித்துவிட்டார்கள். காக்காய்கள் பயமில்லாமல் வந்து கொத்திக்கொண்டிருந்தன. பெண்கள் நாங்கள் அன்னக்கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஆண்கள் எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் கடலைப் பார்த்தோம்.

ஊர்த் தலைவர் கன்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். எனக்குத் தாய்மாமன்.

"இன்னாங்கடி இது கூத்து? மீனு நாறிக்கினு கீது. எழுந்து வந்து எடுங்கடி."

என் பக்கத்தில் தேசம்மா இருந்தாள். குப்பத்தில் ஏலம் விடுகிறவள். அவள் குரல் முகத்துவாரம் வரைக்கும் கேட்கும்.

"நாறட்டும் தலைவரே. உங்களுக்கு இன்னா அவசரம்? நீங்களே தூக்கிக்கினு பொன்னேரி பஸ் ஏறுங்களேன். கண்டக்டரு உங்களுக்கு சீட்டு போட்டு வெச்சிருப்பான்."

பெண்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

ஆண் தொடாத கூடை

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் குப்பத்தில் மீன் தண்ணீரில் இருக்கும் வரை ஆணுடையது. மணலில் விழுந்துவிட்டால் பெண்ணுடையது. ஏலம் விடுவது பெண், எடுப்பது பெண், தலையில் சுமப்பது, கழுவுவது, உப்புப் போட்டுக் காய வைப்பது எல்லாம் பெண். ஒரு ஆண் படகு இன்ஜினைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவோடு நடப்பான், கேட்டால் பெருமையாகச் சொல்வான். மீன் கூடையைத் தலையில் வைக்கச் சொன்னால் மட்டும் அவனுக்கு மானம் போய்விடும்.

இதை யார் வகுத்தது என்று எனக்குத் தெரியாது. வகுத்தவன் ஆணாகத்தான் இருப்பான். ஏனென்றால் பஞ்சாயத்தில் பெண் உட்கார முடியாது. அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வீட்டு ஆண்பிள்ளை போய்ச் சொல்ல வேண்டும். என் நைனா போய்ச் சேர்ந்துவிட்டார். கட்டினவனைக் கடல் கொண்டுபோனதை இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். எனக்காகப் பஞ்சாயத்தில் வாய் திறக்க மிச்சமிருந்த ஒரே ஆண் என் தம்பி ஏழுமலை. அவனும் ஊரில் இல்லை. அவனுக்காகத்தான் அன்று கூடையைக் கவிழ்த்தேன்.

லோகம்மா மீன் வாங்கவில்லை

அதற்குச் சில வாரங்களுக்கு முன் நடந்தது இது.

நான் பழவேற்காடு ஏரிக்கு மேற்கே நெல் விளைகிற ஊர்களில் கூடையில் மீன் விற்பவள். அங்கே லோகம்மா என்று ஒருத்தி. வெட்கமில்லாமல் பேரம் பேசுவாள். மடவை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது எப்ப செத்துச்சி பூங்காவனம், உன் கல்யாணத்தன்னிக்கா?" என்று கேட்பாள். நானும் பதிலுக்கு ஏதாவது கொடுப்பேன். அவளிடம் சண்டை போடாமல் அந்தத் தெருவைத் தாண்டினால் எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.

அன்று அவள் மீனைப் பார்க்கவே இல்லை. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"எம்புள்ள போன் பண்ணான். அவங்க யூனிட்டு ரெடியா இருக்கணும்னு சொல்லிட்டாங்களாம். ஏதோ வெளிதேசத்துச் சண்டைக்கு அனுப்பறாங்களாம்."

அவள் மகன் பட்டாளத்தில் இருப்பது எனக்குத் தெரியும். எந்த தேசம் என்று கேட்டேன். சொன்னாள். கூடையை இறக்கி வைத்துவிட்டேன்.

ஏழுமலை அந்த நாட்டில்தான் இருந்தான். ஒரு அரபு முதலாளியின் படகில் வலை இழுத்துக்கொண்டிருந்தான். இங்கே முகத்துவாரம் மணல் அடைத்து ஏரி செத்துக் கிடந்த வருஷங்களில் எங்கள் ஆட்கள் பலர் அப்படித்தான் கிளம்பிப் போனார்கள். கடல் வேலை தெரியும், வேறு வேலை தெரியாது. இங்கே இழுத்த வலையை அங்கே போய் இழுத்தார்கள்.

"எந்தம்பி அங்கதான் லோகம்மா வலை இழுக்கறான்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சொன்னாள்: "உந்தம்பி நிக்கற கரையிலயா எம்புள்ள துப்பாக்கியோட எறங்கப் போறான்?"

அந்தத் தெருவில் எனக்கும் அவளுக்கும் சண்டை நடக்காத முதல் நாள் அதுதான். அவள் கணவரின் அண்ணனும் பட்டாளத்துக்காரர். முன்பு ஒரு காலத்தில் அமைதி காக்கிறோம் என்று இலங்கைக்குப் படை அனுப்பினார்களே, அதில் போனவர். ஒரு காலோடு வந்தார். எங்கே போனாய், யாருக்காகப் போனாய் என்று கேட்டால் கடைசி வரை அவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்று லோகம்மா சொன்னாள். அவர் இருந்த வரை அந்த வீட்டில் தீபாவளிக்கு வெடி வெடித்ததில்லையாம்.

தம்பி சொன்னது

அந்த நாட்டில் இரண்டு கூட்டங்கள் அடித்துக்கொண்டன. பெரிய நாடுகள் சில உள்ளே நுழைந்தன. நம்முடைய அரசும் படை அனுப்பிக் கூட நிற்கப்போகிறது என்று டி.வி.யில் வந்தது. கோட்டு போட்டவர்கள் உட்கார்ந்து, அதனால் உலகத்தில் நம் மதிப்பு உயரும் என்று பேசினார்கள். அவர்களில் ஒருவர் வீட்டுப் பிள்ளையும் பட்டாளம் போகிற கப்பலில் ஏறப்போவதில்லை. அங்கே வலை இழுக்கவும் இல்லை.

ஏழுமலை போனில் பேசினான். பின்னால் இன்ஜின் சத்தம்.

"யக்கா, இங்க நம்மள ஒருத்தனும் ஒண்ணும் பண்ணல. ரெண்டு கட்சிக்காரனும் வந்து மீனு வாங்கிக்கினு போறான். இந்தியாக்காரன்னா சிரிச்சிப் பேசறான். நம்ம பட்டாளம் வந்து ஒரு கட்சி பக்கம் நின்னுச்சின்னு வெய்யி, அப்புறம் எவன் சிரிப்பான்?"

"நீ வந்துட்றா."

"பாஸ்போட்டு மொதலாளிகிட்ட கீது. சண்டை முடியட்டும், தரேன்றான். நீ பயப்படாத. அவங்கள அனுப்பாம இருக்கச் சொல்லு, அது போதும்."

யாரிடம் சொல்வது? பிரதமர் என்ன எங்கள் தெருவிலா இருக்கிறார்? எனக்குத் தெரிந்த அரசாங்கம் மாமா கன்னியப்பன்தான். அவரிடம் போனேன்.

"ஊர்க் கட்டுப்பாடு போடு மாமா. படகு எறங்கக் கூடாது. எல்லாரும் பழவேற்காடு பஜாருக்கு நடப்போம். பட்டாளம் அனுப்பாதன்னு சொல்வோம்."

"சாவு வுழுந்தா கடலுக்குப் போ மாட்டோம். அம்மன் திருவிழான்னா போ மாட்டோம். டில்லில எவனோ எங்கியோ பட்டாளம் அனுப்பறான்னு படகைக் கட்டிப்போட்டா பக்கத்து ஊருக்காரன் கைகொட்டிச் சிரிப்பான்."

"ஏழுமலை உன் அக்கா புள்ள."

"அத்தொட்டுத்தான் முடியாதுன்றேன். தன் குடும்பத்துக்காக ஊரு வயித்துல அடிச்சான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்வான். நீ போய் கூடையத் தூக்கு."

கடைசியாக அவர் சொன்ன வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

கல்லறைக்குப் பக்கத்தில் காசிம் பாய்

பெண்கள் கூடை தூக்காவிட்டாலும் வியாபாரி வண்டி வந்துவிட்டால் ஆண்கள் நேராக அவனிடம் போட்டுவிடுவார்கள். அதனால் காசிம் பாயைப் பார்க்க பழவேற்காட்டுக்குப் போனேன். எங்கள் கரையில் பெரிய மீனும் நண்டும் எடுக்கிறவர் அவர். பரம்பரையாக வியாபாரக் குடும்பம். அவர் மகனும் அதே நாட்டில், துறைமுக நகரத்தில், லாரி ஓட்டிக்கொண்டிருந்தான்.

அவர் வண்டி நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் டச்சுக்காரன் கல்லறை இருக்கிறது. வாசலில் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். வெளியூர்க்காரர்கள் வந்து போட்டோ எடுப்பார்கள். நான் போன நேரம் பாய் அந்தச் சுவரில்தான் சாய்ந்து நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"உள்ள படுத்துக்கினு கீறானே, இவனையும் எவனோ ஒருத்தன் சொல்லித்தாம்மா அனுப்பியிருப்பான், போனா நாட்டுக்கு மதிப்புன்னு. அவன் ஆத்தாளுக்கு இந்த எடம் எங்க கீதுன்னாவது தெரிஞ்சிருக்குமா?" என்றார். பிறகு, "நாளைக்கு உங்க கரைக்கு என் வண்டி வராது. மத்த வியாபாரிங்ககிட்டயும் சொல்லிட்றேன். ஜமாத்துலயும் பேசறேன். நீங்க ஊரைக் கிளப்புங்க" என்றார்.

பெண்களைக் கிளப்புவது நான் நினைத்த மாதிரி கஷ்டமாக இல்லை. எங்கள் தெருவில் அந்தப் பக்க நாடுகளுக்கு ஆள் போகாத வீடு குறைவு. போகாத வீட்டுப் பெண்கள்கூட, "அந்த ஆம்பளைங்க கூடைய தூக்கிக்கினு நிக்கறதப் பாக்கணும்டி" என்று அதற்காகவே வந்தார்கள். எதற்காக வந்தால் என்ன.

மாப்பிள்ளைக்குப் பூ

மணலுக்குத் திரும்புகிறேன்.

வெயில் ஏற ஏற மீன்மேல் போட்டிருந்த ஐஸ் கரைந்தது. வண்டி வரவில்லை. ஆண்கள் பீடி பற்றவைப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். மாமா தன் மருமகனைக் கூப்பிட்டார். புதிதாகக் கல்யாணமான பையன்.

"தூக்குடா கூடைய. இவளுங்க இல்லன்னா ஒலகம் நின்னுடுமா?"

அவனும் ரோஷமாகத்தான் வந்தான். சங்கராவை அள்ளிப் போட்டு, கூடையைத் தலைக்கு ஏற்றினான். மீன் தண்ணீர் காதோரமாக வழிந்தது. தேசம்மா எழுந்து நின்று ஏலம் விடுகிற குரலிலேயே கத்தினாள்:

"மாப்ளே! அப்படியே ரெண்டு மொழம் பூவும் வாங்கி வெச்சிக்கோ! சுமாடு வெக்க மறந்துட்டியே, எம் முந்தானையத் தரட்டா?"

அவன் பெண்டாட்டியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாலு அடி போனான். கூடையைப் பொத்தென்று போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்துவிட்டான். அதன்பிறகு ஒருவனும் கூடைப் பக்கம் வரவில்லை.

உச்சி வெயிலில் மாமா என்னெதிரில் வந்து குந்தினார்.

"இன்னாதான்டி வேணும் உனக்கு?"

"எந்தம்பி வேணும்."

அவர் ரொம்ப நேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் ஆண்களைக் கூட்டினார். அங்கேயே, நின்றபடியே முடிவு செய்தார்கள். நாளை முதல் படகு இறங்காது.

அழுகின மீனை நாங்களே குழி வெட்டிப் புதைத்தோம். அன்று எந்த வீட்டிலும் மீன் வேகவில்லை. புதைத்ததைக் கணக்குப் பார்த்தவளும் இல்லை.

மறுநாள் கோட்டைக்குப்பத்துப் பெண்களும் கூடையைக் கவிழ்த்தார்கள் என்று செய்தி வந்தது. அடுத்து இன்னொரு குப்பம். அந்த வாரக் கடைசியில் நாங்கள் பாலத்தைத் தாண்டிப் பழவேற்காட்டுக்குள் நடந்தபோது, முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. தொழுகை முடித்து ஜமாத்துக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். நெல் ஊர்க்காரர்கள் டிராக்டரில் வந்தார்கள். லோகம்மா டிராக்டரிலிருந்து குதித்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு போலீஸ்காரர் கேட்டார்: "இங்க துறைமுகம் கட்றாங்க, முகத்துவாரம் அடைக்குதுன்னு உங்க பிரச்சினையே ஆயிரம் கீது. வெளிநாட்டு விஷயம் உங்களுக்கு இன்னாத்துக்கும்மா?"

"எங்க வூட்டு ஆம்பள பாதிப்பேரு அங்கதான் சார் கீறான். உங்களுக்குத்தான் அது வெளிநாடு" என்றாள் தேசம்மா.

பஜாரில் மேடை போட்டது நாங்கள் இல்லை. ஒரு கட்சிக்காரர் போட்டார். மைக்கும் அவருடையதே. நாங்கள் வெயிலில் நிற்க, அவர் நிழலில் நின்று எங்கள் கண்ணீரைப் பற்றிப் பேசினார். ஒரு டி.வி. கேமராக்காரர் என்னிடம் வந்து, தம்பியை நினைத்துக் கொஞ்சம் அழ முடியுமா என்று கேட்டார். எனக்கு அழுகை வரவில்லை, கெட்ட வார்த்தைதான் வந்தது. அதை அவர்கள் போடவில்லை.

வெடி வெடித்தார்கள்

எங்களைப் போல நாடு முழுக்கப் பலர் தெருவுக்கு வந்திருந்தார்கள். ஒருநாள் அரசு சொன்னது: படை அனுப்பும் எண்ணம் இப்போது இல்லை. எப்போதுமே இருந்ததில்லை என்பதுபோலச் சொன்னார்கள்.

குப்பத்தில் வெடி வெடித்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் அந்தக் கட்சிக்காரர் பேனர் வைத்தார். அதில் அவர் முகம் ஆள் உயரத்துக்கு இருந்தது. கீழே ஒரு மூலையில் நாங்கள் இருந்தோம், எறும்பு மாதிரி. மறுநாள் விடிவதற்குள் படகுகள் இறங்கிவிட்டன. நானும் கூடை தூக்கினேன்.

லோகம்மாவின் மகன் யூனிட்டைப் பழைய முகாமுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஏழுமலையிடமிருந்து ஒரு போன் வந்தது. சண்டை துறைமுகத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, முதலாளி ஓடிவிட்டான், படகிலேயே படுத்திருக்கிறோம் என்றான். "கப்பல் அனுப்பச் சொல்லு யக்கா" என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த நம்பரில் மணி அடிக்கவே இல்லை.

பேனர் வைத்தவர் வீட்டுக்குப் போனேன். அவர் ஊரில் இல்லை என்றார்கள். சென்னையில் ஒரு அலுவலகத்தைச் சொன்னார்கள். காசிம் பாயும் நானும் போனோம். முதலில் நாளை வா என்றார்கள். பிறகு வேறு மாடிக்குப் போ என்றார்கள். கடைசியில் ஒரு அதிகாரி எங்களை உட்காரச் சொல்லாமல் கேட்டுக்கொண்டார். நான் எந்த ஊர் என்று சொன்னதும் அவருக்கு நினைவு வந்துவிட்டது.

"ஓ, டி.வி.யில வந்தீங்களே! யாரையும் அனுப்பாதேன்னு நீங்கதானேம்மா கொடி பிடிச்சீங்க? இப்ப யாரை அனுப்பி உங்க தம்பியைக் கூட்டிட்டு வர்றது?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவர் சிரித்ததால் அந்த அறையில் இருந்த மற்றவர்களும் சிரித்தார்கள்.

"துப்பாக்கி அனுப்பாதன்னு சொன்னோம் சார். கப்பல் அனுப்பாதன்னு நாங்க எங்க சொன்னோம்?"

"பார்க்கலாம், போங்க."

காசிம் பாய் என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். இல்லையென்றால் அந்த மேசையில் இருந்த கண்ணாடித் தம்ளரை நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பாயின் மகன் பிறகு வந்து சேர்ந்தான். யாரோ ஒரு லாரிக்காரனோடு பாலைவனத்தில் எல்லை தாண்டி, பக்கத்து நாட்டுக்குப் போய், அங்கிருந்து வந்தான். துறைமுகத்தில் குண்டு விழுந்தது, படகுகள் எரிந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன் என்றான். யார் போட்ட குண்டு என்று அவனுக்குத் தெரியவில்லை. ஏழுமலையைப் பார்க்கவில்லை என்றான். அதைச் சொல்லும்போது பாய் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மாமாவிடம் போய், திரும்பக் கட்டுப்பாடு போடு, கப்பல் கேட்டு நடப்போம் என்றேன். அவர் கண் கலங்கினார். "ஊரு ஒரு தபா நின்னுச்சி. அடுத்த தபா நிக்காது பூங்காவனம்" என்றார். தேசம்மாவைக் கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லோருக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை என்று எழுதத்தான் வந்தேன். பொய். சொல்கிறேன். படை அனுப்பப் பார்த்தவர்களைச் சொல்கிறேன், கப்பல் அனுப்பாதவர்களைச் சொல்கிறேன், வெடி வெடித்துவிட்டு வீட்டுக்குப் போனவர்களையும் சொல்கிறேன்.

ஆனால் அந்தக் காலை திரும்ப வந்தால் திரும்பவும் கூடையைக் கவிழ்ப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னிடம் வந்து, அப்படிச் செய்ததால்தான் தம்பி போனான் என்று மறைமுகமாகப் பேசிய இரண்டு பேரோடு இன்றுவரை எனக்குப் பேச்சில்லை.

புது அரிசி

அறுவடை முடிந்த சமயத்தில் லோகம்மா என் வீட்டுக்கு வந்தாள். அவள் எங்கள் குப்பத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. இடுப்பில் ஒரு பை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"புது அரிசி. எம்புள்ள லீவுல வந்து அவனே எறங்கி அறுத்தான்" என்றாள். சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பையை நீட்டிக்கொண்டே அழ ஆரம்பித்தாள்.

"உள்ள வா. எல்லாரும் பாக்கறாங்க."

உலை வைத்தேன். அரிசியைக் களைந்து போட்டேன். வந்தவளை வெறும் சோறு தின்ன வைக்க முடியாது என்று இருந்த இறாலில் ஒரு குழம்பு வைத்தேன். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"தம்பிகிட்டேருந்து..." என்று தொடங்கினாள்.

"சாப்புடு."

புது அரிசி, கொஞ்சம் குழைந்துவிட்டது. ஆனாலும் வீடு முழுக்க மணத்தது. அவள் குனிந்த தலை நிமிராமல் பிசைந்துகொண்டிருந்தாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. நான் தின்றேன். காலையிலிருந்து கூடை சுமந்த பசி. இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன்.

"உம் புள்ள எப்படி கீறான்?" என்று கேட்டேன்.

"நல்லா கீறான்டி."

நல்லாத்தான் இருக்க வேண்டும். அதற்காகவும்தான் வெயிலில் உட்கார்ந்தேன். ஆனால் அவள் அதைச் சொன்ன நேரத்தில், ஒரு நொடி, அவள் முன்னால் இருந்த தட்டைப் பிடுங்கி வெளியே எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

"ஆறுது பாரு. தின்னு" என்றேன்.